யன்னலுக்குப் பின்னால் ஒரு தலை

"நிப்பாட்டு. அதில நிப்பாட்டு," என்று அருள்நாயகம் தன் கையிலிருந்த போனுக்கே கட்டளை போட்டார். புட்டு ஆறிப் போய்க் கிடந்தது. மனைவி சந்திரவதனா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். மகள் மயூரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தட்டில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இருபத்தொரு செக்கன் ஓடுகிற வீடியோ அது. வாசல் மணியோடு சேர்த்துப் பூட்டியிருந்த கமெரா எடுத்தது. மார்கழி மாதம், வியாழன் பின்னேரம் நாலரை மணி; குளிர்நாட்டு ஊரான ஸ்ரௌவ்வில்லில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். கறுத்த ஜக்கெட் போட்ட ஒரு உருவம் தலையை ஹூட்டால் மூடிக்கொண்டு படியேறுகிறது. கதவடியில் கிடந்த பார்சலைத் தூக்குகிறது. திரும்பி நடக்கிறது. முகம் சரியாகத் தெரியவில்லை. ஒரு பக்கக் கன்னமும் மூக்கு நுனியும் தெரிந்தன. கன்னத்தின் நிறம் தெரிந்தது. அருள்நாயகத்துக்கு அது போதுமாக இருந்தது.

"கறுவல்தான்," என்றார். "நான் அப்பவே சொன்னனான். உந்த மூலை வீட்டு பேஸ்மென்றுக்கு அதுகள் வந்தாப் பிறகுதான் ஸ்ரீற்றில உது நடக்குது."

"உது எண்டா எது? இவ்வளவு நாளும் என்ன களவு போனது?" என்று கேட்டாள் சந்திரவதனா.

"இப்ப போயிருக்கே!"

அவர் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஜக்கெட்டைப் பார். கையில வெள்ளிக் கோடு. போன வருசம் முழுக்க உதைப் போட்டுக்கொண்டு திரிஞ்சவன் ஆர்? கிளிபோட்தானே?"

கிளிபோட்டுக்குப் பதினாறு வயது. அவன் தங்கை ஸ்டெபனி, மயூரியின் வகுப்பு. ஏழாம் வகுப்பில் இருவரும் ஒரே மேசை, ஒரே பஸ், ஒரே சிரிப்பு. ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பம். தாய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மூலை வீட்டுச் சொந்தக்காரர் இக்னேசியஸ், கீழ்த்தளத்தை இவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்து ஒன்றரை வருடம். வாடகை ஒருநாளும் பிந்தவில்லை, சத்தம் இல்லை, சண்டை இல்லை. ஆனாலும் அந்தத் தெருவில் ஒரு கார்க் கண்ணாடியில் கீறல் விழுந்தால்கூடத் தமிழ் வீடுகளின் கண்கள் முதலில் அந்தப் பேஸ்மென்ற் கதவுக்குத்தான் போகும்.

பார்சலுக்குள் இருந்தது பொன்னும் அல்ல, போனும் அல்ல. சென்னையில் அச்சடித்து வந்த இருநூற்றைம்பது அழைப்பிதழ்கள். மயூரி ஐப்பசியில் பெரிய பிள்ளையாகிவிட்டாள். மாசி மாதத்தில் சாமத்திய வீடு. விழாவுக்கு ஹோல் எடுத்தாயிற்று, பல்லக்குக்குச் சொல்லியாயிற்று, மூன்று சேலைக்கும் மூன்று மாலைக்கும் ஓடர் கொடுத்தாயிற்று. பிள்ளையைக் கேட்கவில்லை. அது வழக்கமும் இல்லை.

சாப்பிட்ட கை காயுமுன் வீடியோ 'எங்கட ஸ்ரீற்' என்ற வட்ஸ்அப் குழுவுக்குப் போனது. தெருவிலிருந்த முப்பத்தொரு தமிழ் வீடுகளும் அதில் இருந்தன. பத்து நிமிடத்தில் நாற்பத்து மூன்று பதில்கள். 'பாக்கவே தெரியுது அண்ணை.' 'எங்கட கராஜடியிலயும் ஒருநாள் நிண்டவன்.' 'உவையளுக்கு வீடு குடுத்தவையைச் சொல்லவேணும்.' கடைசிப் பதில் இக்னேசியஸுக்கு எறிந்த கல். அது சரியாகப் போய் விழுந்தது.

நான் கதையை ஒளித்துச் சொல்கிற ஆள் இல்லை. பார்சலை எடுத்தது மயூரிதான்.

அன்று பள்ளியால் வரும்போது அவளும் ஸ்டெபனியும் ஜக்கெட் மாற்றிப் போட்டிருந்தார்கள். அந்த வயதில் சிநேகிதிகள் செய்கிற விளையாட்டு. மயூரியின் ஊதா ஜக்கெட் ஸ்டெபனியிடம், அண்ணன் கிளிபோட் போட்டு அளவில்லாமல் போன கறுத்த ஜக்கெட் மயூரியிடம். வாசலுக்கு வந்தவள் பார்சலைக் கண்டாள். பெட்டியின் மேல் அழைப்பிதழின் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ரோசாப்பூக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பிள்ளை சிரித்தாள். மூக்கு மயூரியின் மூக்கு. தோடு மயூரியின் தோடு. தோல் வேறு ஆருடையதோ.

போன மாதமே அருள்நாயகத்தின் போனில் அந்தப் படத்தைக் கண்டு அவள் அழுதிருந்தாள். "அப்பா, அது நான் இல்லை."

"சும்மா லைற் கூட்டினது பிள்ளை. எல்லாரும் செய்யிறதுதானே. என்ர கறுப்பி அழைப்பிதழ்க் காட்டில எண்டாலும் கொஞ்சம் வெள்ளையா இருக்கட்டுமன்," என்று அவர் அவள் கன்னத்தைக் கிள்ளினார். அவருக்கு மகள் மேல் உயிர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த உயிரான பிள்ளையின் நிறத்தைத்தான் அவரால் ஊருக்குக் காட்ட முடியவில்லை.

காட் இல்லாவிட்டால் சாமத்திய வீடும் இல்லை என்று பிள்ளை மனம் கணக்குப் போட்டது. ஹூட்டை இழுத்து மூடினாள், பெட்டியைத் தூக்கினாள், நேரே ஸ்டெபனியின் அறைக்குக் கொண்டுபோனாள். அங்கே பெட்டியைத் திறந்தபோது ஸ்டெபனி ஒரு காட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "வடிவான பிள்ளை. உன்ர கசினா?" என்று இங்கிலிஷில் கேட்டாள். மயூரி அந்தக் காட்டைப் பறித்துக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டெபனிக்கு விளங்கிவிட்டது. பெட்டியைத் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஸ்டெபனி மூன்று சீற் தள்ளிப் போய் இருந்தாள். மயூரி எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"உன்ர அப்பா அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். இக்னேசியஸ் அதை என்ர அம்மாவுக்குக் காட்டினவர்," என்றாள் ஸ்டெபனி. இருவரும் பேசிக்கொண்டது இங்கிலிஷில்தான். சொல்லைத்தான் நான் மாற்றுகிறேன். "அம்மா அண்ணாவின்ர அலுமாரி முழுக்கக் கொட்டித் தேடினா. அண்ணா அழுதவன். நான் ஒருநாளும் அவன் அழுது காணேல்லை."

"நீ சொல்லியிருக்கலாமே, நான்தான் எண்டு."

"நான் சொன்னா ஆர் நம்புவினம்? பெட்டி என்ர கட்டிலுக்குக் கீழ இருக்கு, மயூரி." யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இன்னும் ஒன்று சொன்னாள். "அது நீ சொல்லவேண்டிய கதை. நான் உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டன். ஆனா கெதியாச் சொல்லு. இக்னேசியஸ் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லப் போறாராம்."

மயூரி வீட்டுக்கு வந்து நாலு தடவை வாயைத் திறந்தாள். நாலு தடவையும் வேறு ஏதோ வந்தது. தண்ணீர் வேணும் என்றாள். வயிறு நோகுது என்றாள். சந்திரவதனா மகளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஏனென்றால் சந்திரவதனாவுக்கும் தெரியும். முதல்நாள் சாப்பாட்டு மேசையில் வீடியோ இரண்டாம் தடவை ஓடும்போதே தெரிந்துவிட்டது. மயூரிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காலைக் கொஞ்சம் உள்ளே திருப்பி வைக்கிற நடை. அந்தக் காலுக்கு எண்ணெய் தடவி உருவி வளர்த்தவள் தாய். நிறத்தைப் பார்த்தவருக்குக் கள்ளன் தெரிந்தான். நடையைப் பார்த்தவளுக்குப் பிள்ளை தெரிந்தாள். தெரிந்தும் அவள் பேசவில்லை. பெரிய பிள்ளையான பெட்டை சொந்த வீட்டிலேயே களவெடுத்தாள் என்று தெருவில் கதை வந்தால்? ஹோல் எடுத்தது, ஆட்களுக்குச் சொன்னது எல்லாம்? இரண்டு நாள் போனால் ஊர்க்கதை அடங்கிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். ஆக, அந்த வீட்டில் அம்மா மகளைப் பார்ப்பதும், மகள் அம்மா பார்ப்பதைப் பார்ப்பதுமாக ஒரு நாள் கழிந்தது.

சனிக்கிழமை காலை இக்னேசியஸ் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"அருள் அண்ணை, எனக்கு எல்லாரும் ஏசினம். ஆனா சும்மா எழுப்பினா நாளைக்கு அதுகள் சட்டம் கதைக்குங்கள். நீங்கள் ஒருக்கா ஆளை நேர பாத்து, உவன்தான் எண்டு சொன்னா எனக்குக் காணும். பிறகு நான் பாத்துக்கொள்ளுறன்."

"அவன்ர முகத்துக்கு முன்னால நிண்டோ? வேண்டாம் தம்பி. உவங்கள் பிறகு ஏதும் செய்வாங்கள்."

"சீச்சீ, நீங்கள் கீழ வரத் தேவையில்லை. உப்பு மூட்டை இறக்க எண்டு உங்கட வீட்டு முன் டிரைவ்வேக்குக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் மேல யன்னலால பாருங்கோ. உவன்தான் எண்டா தலையை ஆட்டுங்கோ. நான் கீழ நிண்டு பாப்பன்."

அப்படியே நடந்தது. பனிக்குத் தூவுகிற உப்பு மூட்டை இக்னேசியஸின் வான் வண்டிக்குள் இருந்தது. கிளிபோட் உதவிக்கு வந்தான். கூப்பிட்டால் வருகிற பிள்ளை அவன். இரண்டு நாள் அழுதும் வந்தான். இக்னேசியஸ் அவன் தோளில் கை போட்டு, குளிருதே, ஹூட்டைப் போடு என்று அன்பாகச் சொன்னார். அவன் போட்டான். "கொஞ்சம் இப்பிடித் திரும்பி நில்லு," என்றார். அவன் நின்றான். எதற்கு நிற்கச் சொல்கிறார் என்று அவனுக்கு விளங்காமல் இல்லை. அவன் மேலே யன்னலைப் பார்க்கவில்லை, உப்பு மூட்டையைப் பார்த்தான்.

மேலே படுக்கையறையில் அருள்நாயகம் யன்னல் பிளைன்ட்ஸின் இரண்டு தட்டிகளை விரலால் விலக்கினார். இரண்டு கண் வைக்கிற அளவுக்கு இடைவெளி.

"நீல ஜக்கெட் போட்டிருக்கிறான்," என்று முணுமுணுத்தார். "மாத்திப்போட்டான் பாத்தியே. கள்ளன்."

மடித்த உடுப்புகளோடு உள்ளே வந்த சந்திரவதனா கதவடியில் நின்றாள். பின்னால் மயூரி நின்றாள். அருள்நாயகம் அவர்களைக் காணவில்லை. கீழே இக்னேசியஸ் தலையை நிமிர்த்தினார். தட்டிக்குப் பின்னால் இருந்த தலை ஒருமுறை ஆடியது.

சந்திரவதனாவின் கையிலிருந்த உடுப்புகள் நிலத்தில் விழுந்தன.

அவளுடைய அண்ணன் சச்சிதானந்தனுக்கு அப்போது பத்தொன்பது வயது, அவளுக்குப் பத்து. யாழ்ப்பாணத்தில் ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் ஆமி பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் விட்டது. ஜீப்புக்குள் ஒருவன் இருந்தான். தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சச்சி முன்னால் போனபோது சாக்குத் தலை ஒருமுறை ஆடியது. அப்படிக் காட்டிக்கொடுக்கிற ஆட்களுக்குத் தலையாட்டி என்று ஊரில் பெயர். சச்சி திரும்பி வரவில்லை. சாமியறையில் அவன் படம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் விளக்கேற்றி, மயூரியை இருத்தி, சந்திரவதனா சொல்வாள்: "ஒருதரும் ஒரு கேள்வி கேக்கேல்லை பிள்ளை. ஒரு தலை ஆடினது. அவ்வளவுதான்." அந்தத் தலையைச் சபித்துச் சபித்தே அவளுடைய தாய் செத்துப்போனாள்.

"அம்மா," என்றாள் மயூரி மெதுவாக. "இது அந்தத் தலைதானே?"

"வாயை மூடு!"

சொன்ன பிறகுதான் சந்திரவதனாவுக்குத் தன் குரலே கேட்டது. மயூரியின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பதும், தெரிந்தும் வாயை மூடச் சொல்கிறாள் என்பதும் அந்தப் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. மயூரி படியிறங்கிப் போனாள். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கீழே இக்னேசியஸ் கிளிபோட்டை அனுப்பிவிட்டு வந்து சோபாவில் இருந்தார். அருள்நாயகம் முகம் கழுவி, நல்ல ஷேட் மாற்றிக்கொண்டு இறங்கி வந்தார். பெரிய பொறுப்பு ஒன்றை முடித்த ஆளின் நடை. சந்திரவதனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"மாசக் கடைசியோட எழும்பச் சொல்லுறன் அண்ணை. என்ர மகள் வாறா, இடம் தேவை எண்டு சொன்னாச் சரி. களவு எண்டு எழுத்தில ஒண்டும் வேண்டாம்."

"ஓமோம். நாங்களும் பிள்ளை குட்டியோட இருக்கிற ஆக்கள். ஆரின்ர வயித்திலயும் அடிக்க வேணுமெண்டு இல்லை. ஆனா தெருவைப் பாக்க வேணுமே."

"அதுகளுக்கு வேற இடம் கிடைக்கும்."

"மார்கழி மாசத்தில ஆர் குடுப்பினம்?" என்று கேட்டாள் சந்திரவதனா. இரண்டு ஆம்பிளைகளும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் பிள்ளையின்ர தாய் இரவிரவா ஆரின்ரயோ தாய் தேப்பனைக் கழுவித் துடைக்கிறா. நானும் வந்த புதுசில உதே வேலைதான் செய்தனான். எங்களுக்கும் ஒருதரும் வீடு தரேல்லை. சென் ஜேம்ஸ் ரவுணில ஒரு அறையில ஆறு பேர் கிடந்தனாங்கள். மறந்துபோனியளோ?"

"அது வேற, இது வேற. நாங்கள் களவெடுத்தமோ?" என்றார் அருள்நாயகம்.

சந்திரவதனா வாயைத் திறந்தாள். அந்த நேரம் வாசல் மணி அடித்தது.

அருள்நாயகத்தின் போன் பளிச்சென்று எரிந்தது. எடுத்துப் பார்த்தார். அதே படி. அதே கறுத்த ஜக்கெட். கையில் அதே வெள்ளிக் கோடு. தலையில் ஹூட். கையில் பெட்டி.

"ஐயோ, இக்னேசியஸ்! இதைப் பாரும்! திரும்பவும் வந்திட்டான்!" என்று கத்திக்கொண்டு எழும்பினார். தேத்தண்ணி சரிந்து கம்பளத்தில் ஊற்றியது. "பெட்டியையும் கொண்டுவந்திருக்கிறான். பயந்திட்டான். நான் சொன்னன்தானே? சொன்னன்தானே? பொறு, இண்டைக்கு உன்னை விடமாட்டன்!"

கதவை இழுத்துத் திறந்தார். கை ஓங்கியிருந்தது. இக்னேசியஸ் அவர் பின்னால் ஓடி வந்தார்.

வாசலில் நின்ற உருவம் பெட்டியைக் கீழே வைத்தது. இரண்டு கையாலும் ஹூட்டைப் பின்னால் தள்ளியது. குளிரில் மூக்கு ஒழுக, கண் சிவக்க மயூரி நின்றாள். டிரைவ்வே முடிகிற இடத்தில் ஸ்டெபனி ஊதா ஜக்கெட்டோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கிளிபோட் கைகளைப் பொக்கெட்டுக்குள் விட்டபடி நின்றான்.

"அண்டைக்கும் நான்தான், அப்பா," என்றாள் மயூரி.

ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அருள்நாயகத்தின் கண் முதலில் மகளைப் பார்க்கவில்லை. இடது பக்கத்து வீட்டு யன்னலைப் பார்த்தது, பிறகு எதிர் வீட்டு யன்னலை. "உள்ள வா. முதல்ல உள்ள வந்து கதவைச் சாத்து. இக்னேசியஸ், இது வெளியில போகக்கூடாது, கேட்டீரோ? சின்னப் பிள்ளை, விசர் வேலை பாத்திட்டாள்."

"நான் உள்ள வரேல்லை. அவனிட்ட மன்னிப்புக் கேளுங்கோ."

"எவனிட்ட?"

"அவனுக்குப் பேர் இருக்கு. நீங்க வீடியோவில என்னைப் பாத்தனீங்கள், அப்பா. முப்பது தரம் பாத்தனீங்கள். இப்பவும் பாத்தனீங்கள். எனக்கு அடிக்க ஓடி வந்தனீங்கள்." அவள் பெட்டியிலிருந்து ஒரு காட்டை எடுத்து நீட்டினாள். "இதில இருக்கிறவள்தானே உங்கட மகள்? அவளை வைச்சுச் சாமத்திய வீடு செய்யுங்கோ. நான் வரேல்லை."

இக்னேசியஸ் செருமினார். "சரி சரி, பிள்ளையள் விளையாடினதுதானே. பெரிசாக்காமல் விடுவம். அண்ணை, நான் அதுகளை இருக்கச் சொல்லுறன். பிரச்சினை முடிஞ்சுது."

"முடியேல்லை," என்றாள் சந்திரவதனா. அவள் புருஷனுக்கும் இக்னேசியஸுக்கும் நடுவால் வந்து, வெறுங்காலோடு பனிப்படியில் இறங்கி, மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். "எனக்கு முந்தாநாளே தெரியும். என்ர பிள்ளையின்ர நடை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாமல் இருந்தன். என்ர அண்ணனுக்கு விளக்கு வைக்கிற கையால நானும் அந்தப் பெடியனைப் பிடிச்சுக் குடுத்திட்டன்." புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "மேல நிண்டு வடிவாத் தலையாட்டினீங்களே. இப்பவும் ஆட்டுங்கோ. இது ஆரெண்டு பாத்து, தலையாட்டிச் சொல்லுங்கோ."

அருள்நாயகத்தின் தலை அசையவில்லை.

டிரைவ்வே முனையில் கிளிபோட் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. யாரும் அவனை நோக்கி ஒரு அடி எடுத்து வைக்கவில்லை என்பது தெரிந்தது. திரும்பி நடந்தான். மயூரி ஜக்கெட்டைக் கழற்றாமல் அவன் பின்னால் ஓடினாள்.

வாசல் கமெரா இதையும் எடுத்திருந்தது. அன்று பின்னேரம் சந்திரவதனா புருஷனுடைய போனை அவர் கையிலிருந்தே வாங்கி, அந்த வீடியோவை 'எங்கட ஸ்ரீற்' குழுவுக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி எழுதினாள்: 'களவெடுத்தது எங்கட பிள்ளை. பிழை விட்டது நாங்கள்.'

முப்பத்தொரு வீட்டிலும் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை.